ஞாயிறு தவறாத டால்பின்

அது ஏழு ஞாயிறுகளா, ஒன்பதா என்று கேட்டால் இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஒன்பது என்றுதான் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். சொல்லிச் சொல்லியே அது ஒன்பதாகிவிட்டதோ என்ற சந்தேகமும் உண்டு. நடந்ததில் பாதியை அந்த ஆய்வுக்கூடத்துப் பெண்ணே எல்லோரிடமும் சொன்னாள். மீதியை நானாக இட்டு நிரப்பியிருக்கலாம். எது எந்தப் பாதி என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவளுக்குக் கடல் ஆய்வுக்கூடத்தில் கேட்கிற வேலை. படகுத்துறையின் ஓரமாகத் தண்ணீருக்குள் ஒரு மைக் தொங்கும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அது பதிவு செய்ததை, மறுநாள் ஜன்னலில்லாத ஓர் அறையில் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக் கேட்க வேண்டும். சத்தம் ஒவ்வொன்றும் திரையில் ஒரு கோடாக ஓடும். டால்பின் குட்டி வளரும்போதே தனக்கென்று ஒரு சீழ்க்கையை உண்டாக்கிக்கொள்கிறது. இன்னொரு டால்பின் அதைக் கூப்பிட வேண்டுமென்றால் அதே சீழ்க்கையைத் திருப்பி அடிக்கிறது. அதைப் பெயர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஒரே சீழ்க்கை சில விநாடி இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரு டால்பினின் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி அந்த வளைகுடாவில் நாற்பது பெயர்கள் இருந்தன.

ஆய்வுக்கூடத்தில் அவளைப் பாம்புக்காது என்றார்கள். அவள் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. "எங்க வீட்டுல கண்ணு என் டிபார்ட்மெண்ட், காது அவ டிபார்ட்மெண்ட். வாய் மட்டும் ரெண்டு பேருக்கும் பொது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவள் வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஒரு வருடம் முடிந்ததும் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது இயக்குநர் கையில். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் அறைக்குள் போகிறவர்கள் செய்யாத தப்புக்கும் ஒரு காரணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போவார்கள்.

அந்தச் சமயத்தில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பதிவில், நாற்பத்தொன்று வந்தது. நீளமாக ஏறி, சட்டென இறங்கி, கடைசியில் சின்னக் கொக்கி போட்டு முடிகிற சீழ்க்கை. ஐந்து விநாடிக்கு ஒரு முறை. திங்கட்கிழமை இல்லை, செவ்வாய் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும். அதற்கடுத்த ஞாயிறும்.

இயக்குநர் திரையில் ஓடிய கோட்டைப் பார்த்தார், தேதிகளைப் பார்த்தார், சிரித்தார். அவருக்கும் பல் வரிசை உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. பத்திரிகையில் செய்தி வந்தது. அந்த வாரம் கோயிலில் பங்குத்தந்தை பிரசங்க மேடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கடல்ல இருக்கற ஒரு மீனுக்கு ஞாயித்துக்கிழமை எதுன்னு தெரியுது. மீனில்ல, பாலூட்டின்னு சொல்றாங்க. சரி, பாலூட்டின்னே வெச்சுக்குவோம். நம்ம பங்குல இருக்கற பாலூட்டிகளுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

அடுத்த ஞாயிறு கோயிலில் உட்கார இடமில்லை. பூசை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் படகுத்துறைக்குப் போனது. பதினொரு பேர் டால்பினைக் கண்ணால் பார்த்தார்கள். அதில் அவள் கணவரும் ஒருவர். ஓர் அம்மாள் அது தலை குனிந்து வணங்கியது என்றே சொன்னாள். விஷயம் மறைமாவட்ட ஆயர் காதுக்கு எட்டி, வளைகுடாவை மந்திரித்து ஆசீர்வதிக்கத் தாமே வருவதாகத் தேதி கொடுத்துவிட்டார்.

அதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை, பாக்கி நின்ற செவ்வாய்க்கிழமைப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு நாற்பத்தொன்று கேட்டது. பாவம், டால்பினுக்கு நாள் குழம்பிவிட்டது என்று நினைத்தாள். புதன்கிழமைப் பதிவிலும் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது: அந்த இரண்டு நாளும் ஆய்வுக்கூடத்துப் படகோட்டிக்குக் காய்ச்சல்.

வெள்ளிக்கிழமை இருட்டியதும், படகைக் கட்டிக்கொண்டிருந்த அவரைத் துறையில் பிடித்தாள்.

"அண்ணே, உங்களுக்குக் காய்ச்சல் அடிச்சப்போ படகு எங்க இருந்துச்சு?"

"கட்டின இடத்துலதான். காய்ச்சல் எனக்குத்தானேம்மா, அது எழுந்து ஆஸ்பத்திரிக்கா போகும்?"

"மத்த நாள்ல?"

"இருட்டோட எடுத்துட்டுப் போவேன், இருட்டினப்புறம் கொண்டாந்து கட்டுவேன். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுன்னா அதுக்கும் லீவு."

"கயித்துலதான கட்டுவீங்க?"

"கயிறு நைஞ்சு போச்சுன்னு ரெண்டு மாசம் முன்னாடி சங்கிலி போட்டேன். ஏன், யாராவது புகார் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. சங்கிலியின் தொங்கல் தண்ணீருக்குள் இறங்கி, துறையின் இரும்புத் தூணை உரசியபடி கிடந்தது. மேலே ஒரு சத்தமும் இல்லை. அலை வந்து படகை ஆட்டும்போதெல்லாம் அடியில் ஓர் இழுப்பு. அவள் மைக் பெட்டியில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு, சங்கிலியைக் காலால் இழுத்தாள். நீளமாக ஏறி, சட்டென இறங்கி, கடைசியில் சின்னக் கொக்கி.

சொன்னால் வேலை போகும், ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால்? மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். சனிக்கிழமை மாலை, பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். தட்டிக்கு அந்தப் பக்கம் பங்குத்தந்தையின் காது மட்டும் தெரிந்தது.

"ஃபாதர், நாப்பத்தொன்னு டால்பின் இல்ல. சங்கிலி."

காது தட்டிக்கு இன்னும் நெருக்கமாக வந்தது.

"என்ன சங்கிலி?"

"படகு கட்டற சங்கிலி. கால்ல இழுத்துப் பாத்துட்டேன்."

காது விலகியது. "நான் பிரசங்கத்துல..."

"கேட்டேன் ஃபாதர். ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். "தெரியாம செஞ்சது தப்பில்லம்மா. தெரிஞ்சு மறைக்கறதுதான் தப்பு. யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லிடு."

"கண்டிப்பா சொல்லிடறேன் ஃபாதர்."

மன்னிப்பு கிடைத்தது. என்றைக்குச் சொல்வது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பஞ்சுபோல லேசாகி வெளியே வந்தாள்.

மறுநாள் பிரசங்கத்தில் கடல், மீன், வலை, படகு எதுவும் இல்லை. சாலமோன் கட்டிய கோயிலின் நீளம் எத்தனை முழம், அகலம் எத்தனை முழம் என்று பங்குத்தந்தை அரைமணி நேரம் விளக்கினார். வாசலில் ஜனங்கள் மடக்கிக்கொண்டார்கள். "என்ன ஃபாதர், நம்ம டால்பினைப் பத்தி ஒரு வார்த்தை காணோம்?" அவர் வாயைத் திறந்தார், மூடினார், குடையைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை தபால் நிலைய வாசலில் அவரைப் பார்த்தாள்.

"ஃபாதர், அந்த விஷயம்..."

"எந்த விஷயம்?"

"சனிக்கிழமை சொன்னேனே."

"சனிக்கிழமை நீ என்கிட்ட ஒன்னும் சொல்லலையேம்மா" என்றார். அவர் முகம் கல்லாக இருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அந்தத் தட்டிக்கு வெளியே அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததாக அவளிடமேகூடக் காட்டிக்கொள்ள மாட்டார்.

வியாழக்கிழமை கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஃபாதர் கடைக்கு வந்தாரு. டால்பினைப் பாத்த கதையைச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாம என் முகத்தையே பாத்துட்டு நின்னாரு. ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சாரு, போயிட்டாரு. ஆயர் முன்னாடி அவரைத்தான் பேசச் சொல்லியிருக்காங்களாம். பயம் போலிருக்கு."

"பயமில்ல" என்றாள்.

"பின்ன?"

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். இறக்கி வைத்துவிட்டோம் என்று அவள் நினைத்த சுமை இன்னொருவர் தலையில் உட்கார்ந்திருந்தது. அந்த மனிதருக்குப் பொய் பேச வராது. உண்மையைப் பேச வழியுமில்லை. அன்று வெகுநேரம் கழுவிய தட்டையே கழுவிக்கொண்டு நின்றாள். மறுநாள் இயக்குநர் அறை வாசல்வரை இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் கால் திரும்பிவிட்டது.

ஞாயிறு வந்தது. துறையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். இயக்குநர் நீரடி மைக்கை நேராக ஒலிபெருக்கியில் இணைக்கச் சொல்லியிருந்தார். ஆயர் தண்ணீர் தெளித்து ஜெபம் சொல்லி முடித்ததும் ஒலிபெருக்கியைத் திறந்தார்கள். நாற்பத்தொன்று கூப்பிட்டது. கூட்டம் மூச்சுவிட மறந்தது. யாரோ ஒரு குழந்தை கையை ஆட்டியது.

"நம்ம பங்குத்தந்தை இப்போ ரெண்டு வார்த்தை பேசுவார்."

அவர் கைக்கு மைக் வந்தது. அவர் பேசவில்லை. ஒலிபெருக்கி மட்டும் ஐந்து விநாடிக்கு ஒரு தரம் பேசியது. அவள் எண்ணினாள். நான்கு, ஐந்து, ஆறு. அவர் ஆயரைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அவள் நின்ற பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பவேயில்லை. ஏழு. எட்டு.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நின்று சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். நாற்பத்தொன்று நின்றது. விட்டாள், கூப்பிட்டது. பிடித்தாள், நின்றது.

"மேடம், இது டால்பின் இல்ல" என்றாள். அவ்வளவு பேர் இருந்தும் குரல் துல்லியமாகக் கேட்டது. "சங்கிலி. எனக்கு ஒன்பது நாளா தெரியும்."

"நான் ஒன்னும் பண்ணலீங்க" என்றார் படகோட்டி, யாரும் கேட்காமலேயே.

பங்குத்தந்தை பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து ஆயர் குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றார் ஆயர்.

"எதைக் கேக்கறீங்க ஆயர் ஆண்டவரே?"

ஆயரும் பல வருடம் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்தான். மறுபடி கேட்கவில்லை.

இயக்குநர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் அவளுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. சோதனைக் காலத்தை இன்னொரு வருடம் நீட்டினார்கள். அதன்பின் நிரந்தரமாகி, இருபத்திரண்டு வருடம் அங்கேயே இருந்து ஓய்வுபெற்றாள். இயக்குநர் வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய், அங்கேயே காலமானார். பங்குத்தந்தை கடலில்லாத ஊருக்கு மாற்றலானார். இப்போது முதிய குருக்கள் இல்லத்தில் இருக்கிறார். டால்பினைப் பார்த்த பதினொரு பேரில் ஏழு பேர் பின்வாங்கிவிட்டார்கள். கணவரும் இன்னும் மூன்று பேரும் பார்த்தது பார்த்ததுதான் என்கிறார்கள். படகோட்டி படகை விட்டுவிட்டு மகளோடு போய் இருக்கிறார். வளைகுடாவில் கடைசியாக எண்ணியபோது முப்பத்தெட்டு டால்பின்கள் இருந்தன.