முதல் மான் வீட்டுக்கில்லை

பதினோரு வருஷமாக நோரீன் வெள்ளிக்கிழமை தவறாமல், எண் கூப்பிட்டு ஆடும் பிங்கோவுக்கு அட்டை வாங்கினாள். பரிசு விழுந்தது இரண்டே முறை. ஒருமுறை ஒரு போர்வை. இந்தச் செப்டம்பரில், வடக்கு ஏரிக்கு மிதவை விமானத்தில் இருவர் வேட்டைக்குப் போய்வர ஒரு சீட்டு. கடவுள் கொஞ்சம் தாமதமாகத்தான் கண் திறந்தார், ஆனாலும் திறந்தார்.

வீட்டில் இறைச்சிப் பெட்டி காலியாக இருந்தது. முன்பெல்லாம் கரிபூ மான்கள் ஊரை ஒட்டிய ஆற்றையே நீந்திக் கடக்கும். டீ குடித்து முடித்துவிட்டுப் போய்ச் சுட்டு வரலாம். மூன்று வருஷமாக அவை மலைக்கு அந்தப் பக்கமாகவே போய்விடுகின்றன. கணவன் எல்மரோ ஏப்ரலில் பனிவண்டியோடு கவிழ்ந்து, இடுப்பை உடைத்துக்கொண்டு நாற்காலியில் கிடந்தான். மூன்று பிள்ளைகள், எட்டு மாதக் குளிர். கடைக் கோழியைத் தின்றே அலாஸ்காவில் குளிர்காலத்தை ஓட்டலாம் என்று சொல்பவன் கோழி விற்பவனாகத்தான் இருப்பான்.

துணைக்கு எல்மரின் அக்கா வேரா வந்தாள். குறி தவறாதவள், வாயும் அப்படித்தான். வேரா இரண்டு மான் சுடுவாள், நோரீன் அறுத்துத் துண்டு போடுவாள் என்று ஏற்பாடு. விமானி கார்ல் இரண்டுக்கு மேல் ஏற்ற மாட்டான். நோரீன் எத்தனையோ மானை அறுத்திருக்கிறாள், ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. சுட்டால் வம்பு. அந்த ஊர் இனுபியாக் மக்களின் வழக்கப்படி ஒருவர் கையால் விழும் முதல் மான் முழுசாக ஊரில் மூத்தவருக்குப் போய்விடும். சுட்டவர் வீட்டுக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது. இப்போது ஊரில் மூத்தவள் பெஸ்ஸி கிழவி. இருபது வருஷத்துக்கு முன் நோரீனின் கல்யாணத்தில், "இந்தக் கடலோரத்துப் பொண்ணா? இவ சுட்டு ஊரு தின்ன மாதிரிதான்!" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னவள். நோரீன் அதை இன்றுவரை மறக்கவில்லை.

ஞாயிறு மதியம் ஏரியில் இறங்கினால், எதிர்க் கரையில் நூறு நூற்றைம்பது கரிபூ வரிசை கட்டிப் போகின்றன. விமானத்தில் வந்த அன்றைக்குச் சுடக்கூடாது என்பது சட்டம். இரண்டு பேரும் பெட்டி மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"பரவாயில்ல மதினி," என்றாள் நோரீன். "நாளைக்கு ரெண்டு நிச்சயம்."

வேரா அவள் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "வாய மூடுடி! அதுங்களுக்குக் காது கேக்கும். வேட்டைக்கு வந்த எடத்துல எண்ணிக்க சொல்றா பாரு, பிங்கோ புத்தி!"

மறுநாள் விடிந்தபோது மூடுபனி. கூடாரத்து வாசலில் நின்றால் ஏரி தெரியவில்லை. அன்று முழுக்க நகரவில்லை. அன்று முழுக்க வேராவும் விடவில்லை.

"சொல்லு, சொல்லு. இன்னும் ரெண்டு நிச்சயம்னு சொல்லு. நாளைக்குப் பனியே கொட்டட்டும்."

நோரீன் டீக்குத் தண்ணீர் வைத்தாள். தன் வாய்க்கொழுப்பால் பிள்ளைகள் வயிறு காய்ந்துவிடுமோ என்று பயந்தாள்.

செவ்வாய் விடிகாலையில் மூடுபனி விலகியது. திரும்பக் கூட்டிப்போகக் கார்ல் மதியம் வந்துவிடுவான். வேரா அவசரமாக எழுந்து, பூட்ஸ் மாட்ட உட்கார்ந்தாள். 'நறுக்' என்று ஒரு சத்தம். தன் மூக்குக் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணாடி இல்லாவிட்டால் வேராவுக்கு இருபதடி தள்ளி நிற்பது மானா, புதரா என்று தெரியாது.

"என்ன செய்ய?" என்றாள் வேரா. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் இறங்கியிருந்தது.

"எல்மர் துப்பாக்கிய எடு மதினி."

"ஏய், நீ சுட்டா அது பெஸ்ஸி கெழவிக்கில்ல போகும்!"

"போகட்டும். மொதல்ல அவளுக்கு. அப்புறம் எனக்கு."

எட்டு மணிக்கு மேட்டைத் தாண்டி ஏழு கரிபூ வந்தன. நோரீன் ஈரப் பாசியில் குப்புறப் படுத்தாள். கணவன் தோளுக்கு அளவெடுத்த துப்பாக்கி அவளுக்குப் பெரிது. இருந்தாலும் தாடையை அழுத்தி, மூச்சை நிறுத்தி, முன்னால் வந்த கொழுத்த கிடாவைச் சுட்டாள். அது நாலடி நடந்து விழுந்தது. மீதி ஆறும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டன. அவள் இரண்டாவது குண்டு பாறையில் பட்டுத் தெறித்தது.

அறுத்துத் துணிப்பைகளில் கட்டிக் கரைக்குச் சுமந்து சேர்த்தபோது மணி பதினொன்று. வேறு ஒன்றும் வரவில்லை. வேரா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சுட்டேன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது? கண்ணாடி ஒடஞ்ச கதைய நானே வெளிய சொல்ல மாட்டேன்."

நோரீனுக்கு ஆசை வரவில்லை என்றால் அது பொய். வீட்டு இறைச்சிப் பெட்டி, எல்மரின் முகம், கடைசிப் பையன் எலும்பை உறிஞ்சும் சத்தம் எல்லாம் ஒரு நொடி வந்து போயின. பிறகு கத்தியைத் துடைத்து உறையில் செருகினாள்.

"விழுந்ததுக்குத் தெரியும் மதினி. ஓடிப்போன ஆறுக்கும் தெரியும். ஏமாத்துற வீட்டுக்கு இனிமே எது வரும்?"

"அப்ப குளிருக்கு என்னத்தடி திம்ப?"

"அதுக்குத்தான் நான் வரல. நீ இத ஏத்திக்கிட்டுப் போ."

கார்ல் வந்து, விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். "வெள்ளிக்கிழமை பக்கத்து ஏரிக்கு ஆள் எடுக்கப் போறேன். திரும்பறப்போ ஒரு ஆளும் ஒரு மானும் ஏத்த எடம் இருக்கும். ஆனா வானம் சரியில்லன்னா..."

"சரியில்லன்னா சனிக்கிழம வாங்க."

வேரா திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே தன் தூங்கும் பை, சாக்லெட், மிச்ச பிஸ்கட் எல்லாவற்றையும் கரையில் வைத்தாள். ஏறும்போது, "கரடி வந்தா என்னடி பண்ணுவ?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. கண்ணாடி இல்லாததால் என்று சொல்லிக்கொண்டாள்.

கரடி புதன்கிழமை வந்தது. எதிர்க் கரையில் நின்று மோந்து பார்த்தது. நோரீன் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வாயில் வந்ததைக் கத்தினாள். பிங்கோ எண்கள்தான் வந்தன. "பி ஏழு! ஜி அம்பத்தி நாலு! ஓ எழுபத்தி ரெண்டு!" பதினோரு வருஷம் கேட்டுக் கேட்டு மனப்பாடமானவை. கரடிக்கு அதிர்ஷ்டம் இல்லை போல, திரும்பிப் போய்விட்டது. அதன் பிறகு அவள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் டீ போட்டாள்.

வியாழன் முழுக்கத் தூறல். பிஸ்கட் தீர்ந்து, அவுரிநெல்லிப் பழம் பறித்துத் தின்றாள். எத்தனை வேண்டும், எப்போது வரும் என்று நினைக்கக்கூட இல்லை. துப்பாக்கியில் ஈரம் துடைத்தாள், மேட்டைப் பார்த்தாள், மறுபடி துடைத்தாள்.

வெள்ளி காலையில் மேட்டில் ஒரே ஒரு கிடா நின்றது. தூரம் அதிகம். அது திரும்பிப் போகப் பார்த்த சமயம், நோரீன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கொம்பு போலத் தூக்கிக்கொண்டு மெல்ல ஆடினாள். எல்மர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சமையலறையில் செய்து காட்டிய வித்தை. அன்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிடா நின்றது. யாரோ தன் ஆள்தான் என்று நினைத்து நேராக இறங்கி வந்தது. அவள் கைகளை இறக்கி, மண்டியிட்டு, ஒரே குண்டு சுட்டாள்.

கார்ல் இறங்கியபோது பைகள் வரிசையாகக் கரையில் இருந்தன. அவள் முழங்கை வரை ரத்தம்.

"ரெண்டாவதும் சுட்டுட்டியா!"

"வந்துச்சு," என்றாள்.

"பெஸ்ஸி பாட்டி ஒன்னு சொல்லியனுப்பிச்சாங்க. ஊர் மொத்தத்தையும் கூப்பிட்டு ஆக்கிப் போட்டாங்க. உன்கிட்ட சொல்லச் சொன்னது, 'கறி நல்லாத்தான் இருந்துச்சு, கொழுப்பு கொஞ்சம் கம்மி'ன்னு."

நோரீன் ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். இருபது வருஷமாக அடைத்துக்கொண்டு கிடந்தது எதுவோ அந்தச் சிரிப்பில் கழன்றது.

கார்ல் முதல் பையைத் தூக்கினான். "இது யாருக்கு?"

அவள் அந்தப் பையைத் தானே வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இது என் வீட்டுக்கு."