கண்ணாடி ஓடு

வெள்ளைத்துரை மலையை விட்டு இறங்கியதும் அவர் கையில் முதலில் மாட்டியது குளியலறைக் கதவு. கழற்றி, எண்ணெய் போட்டு மாட்டினார். அடுத்து அடுப்படி மேடையை இடித்து உயர்த்தினார். "புருசனால குருவம்மாளுக்கு வந்த யோகத்தப் பாரு" என்றது தெரு. நல்ல யோகம்தான். அவள் லேசாக இருமினால்கூட, புகைக்கூண்டைப் பெரிசாக்க மனுசன் கொத்துக்கரண்டியை எடுத்துவிடுவார். வாயைத் திறக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அவர் மேஸ்திரி. மூட்டுவலியால் சரிவு ஏற முடியாமல், ஐம்பது வயதிலேயே கணக்கை முடித்துக்கொண்டு போடிக்கு வந்துவிட்டார். அதுவரை மாசத்துக்கு ஒரு தடவை ஜீப்பில் வந்து, கறிச்சோறு தின்றுவிட்டுப் போகிற விருந்தாளி. ஒரே மகளையும் சிலமலையில் கட்டிக்கொடுத்த பிறகு, குருவம்மாள் சத்தியநேசன் முதலாளியின் குடோனுக்குக் காய் பொறுக்கப் போனாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் ஏலக்காயைப் பரப்பி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிப்பார்கள். கை காயில் இருக்கும், வாய் ஊரையே சுற்றி வரும். சிரித்துச் சிரித்து வயிறு நோகும். அதற்காகவே போனாள்.

"வேகாத வெயில்ல என்னத்துக்கு நடக்குற? காய வீட்டுக்கே கொண்டாரச் சொல்லி மொதலாளிகிட்டப் பேசிட்டேன். ஒனக்குன்னு ஒரு ரூமு கட்டுறேன்" என்றார் ஒருநாள்.

அவள் பதில் சொல்வதற்குள் செங்கல் லோடு வந்து இறங்கிவிட்டது. குடோனுக்குக் கூடவே வருகிற சுருளியம்மாள் தினமும் வந்து கூப்பிடுகிற பின்வாசலை அடைத்துச் சுவர் எழும்பியது.

ரூமுக்கு ஜன்னலே இல்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். ஸ்டோரில் வெளிச்சம் பட்டால் காய் வெளுத்துப்போகும். இருட்டுக்குள் காய்ந்தால்தான் பச்சை நிற்கும். ஆயுசெல்லாம் காயை இருட்டில் காப்பாற்றியவர், அதைப் பிரித்துப் பார்க்க வெளிச்சம் வேண்டுமென்று யோசிக்கவில்லை. குருவம்மாளுக்கு மனசு குளிர்ந்தது. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

"இதுக்குள்ள பச்சயும் வெளுப்பும் ஒண்ணு போலத்தான் தெரியும். நான் குடோனுக்கே போயிக்கிர்றேன்."

வெள்ளைத்துரை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அம்புட்டுத்தான? கண்ணாடி ஓடு ஒண்ணு போட்டாச் சரியாப் போகும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. இனிச் சுற்றி வளைத்துப் பயனில்லை என்று நேராகவே சொன்னாள்.

"எனக்கு ரூமு வேணாங்க. அங்க போகணும். அங்க நாலு பேரு இருக்காக, பேச்சு இருக்கு."

கோபப்படுவார் என்று நினைத்து, அதற்கு நாலு பதில் வைத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த சிமெண்டைத் தேய்த்து உதிர்த்தார்.

"மலையிலதான் பேச்சுக்கு ஆளில்லாமத் தனியாக் கெடந்தேன். வீட்டுக்கு வந்தும் அப்பிடித்தானா?"

அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் வாசலில் சுருளியம்மாள் குரல் கேட்டது. "மதினி, வாரீகளா? வெரசா வாங்க."

குருவம்மாள் தூக்குவாளியில் சோறு அடைத்துக் கையில் எடுத்துவிட்டாள். உள்ளே, ஏணி ஏறக்கூடாத மூட்டோடு ஏணி மேல் நின்று, அவர் ஓட்டைக் கழற்றிக் கண்ணாடியைச் செருகினார். கீழே காய் பரப்பி வைத்திருந்த முறத்தின் மேல் சதுரமாக வெயில் விழுந்தது.

"இப்பப் பாரு. பச்ச தெரியுதா?"

ஒவ்வொரு காயும் துல்லியமாகத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் இன்னொரு ஓட்டைக் கழற்றுவார்.

"தெரியுது" என்றாள்.

வாசலுக்குப் போய், "நீ போ சுருளி. எனக்கு இங்கனயே சோலி இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முறத்தின் முன் உட்கார்ந்தாள். வெள்ளைத்துரை மெல்ல இறங்கி, இன்னொரு முறத்தை இழுத்துப் போட்டு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தார்.

"சரி, சொல்லு. அங்க அப்பிடி என்னதான் பேசுவீக?"

அங்கே பாதிப் பேச்சு புருசன்மாரைப் பற்றித்தான். குருவம்மாள் குனிந்து காயைப் பொறுக்கத் தொடங்கினாள்.