எழுநூற்று நாற்பது மில்லிமீட்டர்

ஒரு சைக்கிள் ஹேண்டில்பார் வாங்க ஒன்பது வாரம் எடுத்துக்கொண்ட மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? வீடு வாங்கியபோதுகூட அவன் இத்தனை யோசிக்கவில்லை. பார்த்தான், சுவர் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்தான், வாங்கிவிட்டான்.

அவன் நிலம் அளக்கிற சர்வேயர். அளக்க முடியாத எதையும் நம்பமாட்டான். அவன் பெண்டாட்டி பல் டாக்டர். அவள் அவனுக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். புருஷனை வா, போ என்றுதான் கூப்பிடுவாள். மாமியார் பத்து வருஷம் முகத்தைச் சுளித்துப் பார்த்தார். கடைசியில் அவர் வாயிலிருந்தே ஒருநாள் 'டேய் மில்லிமீட்டர்' என்று வந்துவிட்டது, அத்தோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இரண்டு பேரும் மலைப்பாதைச் சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள குன்றுக்குப் போய்விடுவார்கள். ஏற்றத்தில் அவன் முன்னால் போவான், இறக்கத்தில் அவள். கல்லும் வேருமாகக் கிடக்கிற அந்தப் பாதையில் அவள் இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் அவன் தன் பிரேக்கை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். கீழே போய் நின்றுகொண்டு, "இப்பதான் வர்றியா? நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துட்டேன்" என்பாள். பதினோரு வருஷமாக ஒரே கிண்டல். பதினோரு வருஷமும் அவன் சிரித்தான்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் அவன் கீழே வந்தபோது அவள் அங்கே இல்லை. பாதி இறக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைக் கவனிக்காமலே தாண்டி வந்திருக்கிறான். மூச்சு வாங்க மேலே ஏறிப் போனால், இடது கையை உதறிக்கொண்டே, கை மரத்துப்போச்சு, பிடி நழுவிடுச்சு என்றாள். முழங்காலில் சிராய்ப்பு. அதை அவன் துடைத்துவிட்டான். துடைக்கும்போதே கண்டுபிடித்தும்விட்டான், பாவி மனுஷன். குற்றவாளி ஹேண்டில்பார்தான். அலுமினியம். கல்லில் ஏறுகிற ஒவ்வொரு அதிர்வையும் அப்படியே கைக்கு அனுப்புகிறது. கார்பன் இழையில் செய்த பார் போட்டால் பாதி அதிர்வை அதுவே விழுங்கிவிடும், அவள் கை சரியாகிவிடும்.

மறுநாளே சைக்கிள் கடைக்குப் போய் நின்றான். அந்தக் கடைக்காரர் கார்பனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கடையைப் பூட்டுகிறவரை நிறுத்தமாட்டார். நடுவில் கனமாக இருப்பது விறைப்பு, மெலிசானது கைக்கு இதம் என்றார். முனைகள் பின்பக்கமாக எத்தனை பாகை வளைகின்றன என்பதைப் பொறுத்து மணிக்கட்டு தப்பிக்கும் என்றார். ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். அலுமினியம் வளைந்து காட்டும், ஆபத்து என்று நமக்குத் தெரியும். கார்பன் அப்படியில்லை. மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே கீறல் ஓடியிருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் உடையும். சர்வேயர் இதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

பிறகு வீட்டில் ஆரம்பித்தது கூத்து. துடைப்பத்தின் கட்டையைக் கழற்றி, அதில் டேப் ஒட்டி, அவளைக் கூடத்தின் நடுவில் நிற்கவைத்துப் பிடிக்கச் சொன்னான். தோள் அகலம், கை விரிகிற அகலம், முழங்கை மடங்குகிற கோணம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "என்னையும் பட்டா போட்டு வித்துடுவியா?" என்று கேட்டாள். எழுநூற்று நாற்பது மில்லிமீட்டர் என்று தீர்ப்பு வந்தது. கார்பன் பார்கள் எண்ணூறில்தான் வரும். அவனுக்கு எண்ணூறே அளவு. அவளுக்கு இரண்டு பக்கமும் முப்பது முப்பது வெட்ட வேண்டும்.

அப்போதே அவள் இடது கை கட்டையிலிருந்து இரண்டு முறை வழுக்கியது. 'இடது கைப்பிடி: இன்னும் மெத்தென்று' என்று எழுதினான்.

பிரேக் எட்டவில்லை என்றாள். திருகைத் திருகிப் பக்கத்தில் கொண்டுவந்தான். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எட்டவில்லை என்றாள். மறுபடியும் திருகினான். பாட்டில் மூடியைத் திறக்க அவனிடம் நீட்டினாள், திறந்து கொடுத்தான். சட்டைப் பொத்தான் போட அவளுக்கு நேரமானது. கிளினிக்கில் பல் பிடுங்குகிற வேலையெல்லாம் ஜூனியருக்குப் போனது. நாள் முழுக்கப் பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓய்ந்துபோயிருக்கும், நல்லதுதான் என்று நினைத்தான். அடுத்தவன் வேலி கால் அடி நகர்ந்திருந்தால் இவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். வீட்டுக்குள் இத்தனை நகர்ந்தது தெரியவில்லை. என்ன சொல்லித் திட்டுவது? ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றுக்குப் போவதும் நின்றது. பார் வரட்டும், அப்புறம் போகலாம் என்று அவள் சொன்னாள், இவனும் தலையாட்டினான்.

பாரின் முனைகள் நடுவைவிட எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்திருக்கவேண்டும், இருபதா முப்பதா என்று மட்டும் பன்னிரண்டு நாள் குழம்பினான். சாப்பிடும்போது அதே பேச்சு. அவளும் சலிக்காமல் ஈடுகொடுத்தாள். இருபதே போதும் என்பாள், மறுநாள் முப்பது என்பாள், அவன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவான்.

ஒரு சனிக்கிழமை காலை பார் வந்தது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. சைக்கிள்கள் நிற்கிற ஷெட்டில் அதைப் பிடிகருவியில் மாட்டி, வெட்டுகிற இடத்தில் டேப் சுற்றி, மூன்று முறை அளந்து கோடு போட்டான். கார்பன் தூள் மூச்சில் போகக்கூடாது என்று மாஸ்க் கட்டிக்கொண்டான். அறுக்கும்போது ஊற்ற ஒரு பாட்டில் தண்ணீரும் தயார். ரம்பத்தைக் கோட்டில் வைத்தபோது அவள் காபி டம்ளரோடு வந்தாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வெட்டாதே."

அவன் மாஸ்க்கை இறக்கிவிட்டு விளக்கம் சொல்லத் தொடங்கினான். எண்ணூறு அவளுக்கு ஆகாது, கை அகன்றுவிடும், தோள் வலிக்கும், அது அவனுடைய அளவு.

"தெரியும். அதனாலதான் சொல்றேன். வெட்டிட்டா உனக்கு ஆகாது. உன் வண்டியில போட்டுக்க."

எனக்கு எதுக்கு, என் கை நல்லாத்தானே இருக்கு என்றான். சொல்லி முடிக்கும்போதே அவன் குரல் இறங்கியது. டம்ளரைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தான். கட்டைவிரலுக்குக் கீழே சதை இருக்கவேண்டிய இடம் குழிந்திருந்தது. அந்தக் கையைத்தான் அவன் ஒன்பது வாரமாக அளந்துகொண்டிருந்தான்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். அக்காவோடு போய் நரம்பு டாக்டரைப் பார்த்தாளாம். சோதனைகள் எல்லாம் முடிந்து ஐந்து வாரமாகிறது. தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. மருந்து மெதுவாக்கும், நிறுத்தாது. வலது கையிலும் ஆரம்பித்துவிட்டது. பிறகு கால், பிறகு பேச்சு.

ஐந்து வாரம் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டபோது அழுகை முந்திக்கொண்டது. தண்ணீர் பாட்டிலுக்கும் ரம்பத்துக்கும் நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ இருபதா முப்பதான்னு கேட்டுக்கிட்டே இருந்தியா... நான் இன்னும் ரொம்ப நாள் ஓட்டப்போற மாதிரி இருந்துச்சு. சொல்லிட்டா நீ கேக்கறத நிறுத்திடுவ. எனக்கு அது வேணும்போல இருந்துச்சு, மில்லிமீட்டர்."

தெருவில் யாரோ வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அவன் எழுந்தான், முகத்தைச் சட்டையில் துடைத்தான், ரம்பத்தை எடுத்தான்.

"இது உனக்குன்னு பார்த்தது. என் வண்டியில போட்டுட்டு நான் அதை எப்படிப் பிடிப்பேன், சொல்லு."

வீண் செலவு, பிடிவாதம், பைத்தியக்காரத்தனம் என்று அவள் வாய் வரைக்கும் வந்திருக்கும். ஆனால் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்தாள். அவன் அறுக்க அறுக்க அவள் கோட்டில் ஊற்றினாள். பாதி தண்ணீர் கோட்டில் விழுந்தது, பாதி அவன் முழங்கையில் விழுந்தது. கறுப்புத் தண்ணீர் தரையில் ஓடியது. இரண்டு பக்கமும் முப்பது, முப்பது.

அவளுடைய சைக்கிளில் பாரைப் பொருத்தினான். எவ்வளவு இறுக்கவேண்டுமோ அவ்வளவு இறுக்கினான். பிரேக்கை எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவந்தான். அவளைத் தாங்கி இருக்கையில் உட்கார்த்தி, சைக்கிள் சாயாமல் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றான். வலது கை தானாகவே பிடித்தது. இடது கை பிடியின் மேல் சும்மா கிடந்தது. அதன் விரல்களை அவன் ஒவ்வொன்றாக மடக்கிவைத்தான், மேலே தன் கையை வைத்து மூடினான்.

"சரியா இருக்கா?"

அவள் முன்னால் பார்த்தாள். ஷெட்டின் சுவர்தான் இருந்தது. முழங்கையை லேசாக மடக்கி, இறக்கத்துக்கு முன்னால் செய்வதுபோலத் தலையைத் தாழ்த்தினாள்.

"அளவு இம்மி பிசகல."

அவன் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் விரல்கள் திறந்துகொள்ளும்.