ஒன்றும் தடவவில்லை

"அக்கா, உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பனிச்சறுக்கு ஓட்டத்துக்கு யோருன் பலகைக்கு அடியில என்ன தடவப் போறா?"

என் தங்கை யோருனின் கணவன் ஸ்டைனார் இதைக் கேட்பதற்காகவே பனிப்பாதையில் வண்டியோட்டிக்கொண்டு என் வீடு வரை வந்திருந்தான். வாசற்படியில் காலணியைத் தட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டான்.

"ஒண்ணும் தடவல," என்றேன்.

"அதையேதான் அவளும் சொல்றா."

"அப்புறம் என்ன?"

"அக்காவும் தங்கையும் ஒரே மாதிரி சொல்றீங்கன்னா ஏதோ பெருசா இருக்கு."

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கா தம்பி. அவ்வளவுதான். காப்பி ஊத்தவா?"

"காப்பி ஊத்துங்க. ஆனா கதை விடாதீங்க."

அவனைக் குறை சொல்லமுடியாது. எங்கள் பள்ளத்தாக்கில் வயதைக் கேட்டால் சொல்வார்கள், சம்பளத்தைக் கேட்டால் சொல்வார்கள், மூலநோயைக் கூட வாய்விட்டுச் சொல்வார்கள். பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில் என்ன மெழுகு என்று கேட்டால் மட்டும் ஒருவரும் உண்மை பேசமாட்டார்கள். ஏற்றத்தில் கால் பின்னுக்கு வழுக்காமல் பனியைப் பிடிக்கத்தான் அந்த மெழுகு; குளிருக்கு ஏற்ப ஒரு நிறம். நீலம் பூசியவர் பச்சை என்பார். பச்சை பூசியவர் "போன வருஷத்து மிச்சம் என்னவோ இருந்துச்சு" என்பார். தோற்றுப் போனால் கால் மேல் பழி கிடையாது, மூச்சு மேல் பழி கிடையாது. "மெழுகு தப்பாயிருச்சு" என்ற ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். கேட்பவரும் தலையாட்டி அனுதாபப்படுவார். பாதிரியாரே அப்படித்தான்.

இந்த வருஷம் விஷயம் ஓட்டத்தோடு நிற்கவில்லை. என்னுடைய இரண்டு முழங்காலும் அதில் மாட்டிக்கொண்டிருந்தன.

என் வீட்டில் படுக்கையறை மாடியில். படி செங்குத்து. மருத்துவர் சொல்லிவிட்டார், அடுத்த குளிர்காலம் இந்தப் படிகளில் கூடாது என்று. ஒன்று, கடலோர நகரத்தில் முதியோருக்கான குடியிருப்பு. இல்லையென்றால் யோருன் வீட்டின் கீழ் அறை. படியே இல்லாமல் முற்றத்திலிருந்து நேராக நுழையலாம்; ஜன்னலைத் திறந்தால் ஆறு. எனக்கு அந்த அறைதான் வேண்டும். நகரத்துக் குடியிருப்பில் எல்லாம் நன்றாக இருக்கிறது, பேசுவதற்கு ஆள்தான் கிடையாது. போய்ப் பார்த்தேன். கூடத்தில் எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் அந்தக் கீழ் அறை ஸ்டைனாரின் மெழுகு அறை. நீள மேசை, பலகைகளை மாட்டும் பிடிகள், மெழுகை உருக்கிப் பூச இஸ்திரிப்பெட்டி, தேய்க்கத் தக்கைகள், நிற வாரியாக அடுக்கிய மெழுகு டப்பாக்கள், போட்டிகளில் தடை செய்துவிட்ட புளோரின் பொடி ஒரு சிமிழில். அந்தப் பொடியைப் பயன்படுத்தவும் மாட்டான், எறியவும் மாட்டான். வீடு முழுக்க மெழுகு வாடை. யோருன் சுடும் வாஃபிளிலும் அது அடிக்கும்.

ஜனவரியில் அவர்கள் மேசையில் பேச்சு வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன்.

"அக்கா இங்க வரட்டும். மெழுகை விறகுக் கொட்டாய்க்கு மாத்து," என்றாள் யோருன்.

"கொட்டாய்ல குளிரு. மெழுகு உறைஞ்சுரும்."

"உறையட்டும். இந்தக் காலத்துல மெழுகு எதுக்கு? ஊரே மாறிடுச்சு. காலுக்கடியில ரோமப் பட்டை ஒட்டின பலகை கடையில தொங்குது."

"பூனையைக் கால்ல கட்டிக்கிட்டு ஓடச் சொல்றியா?"

"அடியில மீன்செதில் மாதிரி வெட்டின பலகை இருக்கு."

"இறக்கத்துல அது விர்ருனு கத்தும். நான் வர்றது அடுத்த ஊருக்குக் கேக்கும்."

"சரி, எதுவுமே வேண்டாம். உப்புத்தாள் எடுத்து நடுப்பகுதியை முரடாத் தேய்ச்சா போதும். பிளாஸ்டிக் சிலிர்த்து நிக்கும். ஈரப் பனியில அதுவே பிடிச்சுக்கும்."

"நல்ல பலகையை உப்புத்தாளால கெடுக்கறதா? சமையல் பாத்திரமா அது?"

"தேய்ச்ச பலகையில உன்னை ஜெயிச்சுக் காட்டட்டுமா?"

ஸ்டைனார் சிரித்தான். கணவனும் மனைவியும் கால் பலத்தில் ஏறக்குறைய சமம். ஆனாலும் வருஷா வருஷம் முதல் ஏற்றத்திலேயே அவன் முந்திவிடுவான், மெழுகு அவ்வளவு கச்சிதமாக இருக்கும்.

"நீ ஜெயிச்சுட்டேன்னா மறுநாளே மேசையை நானே தூக்கி வெளிய வைக்கறேன். அக்கா கட்டிலையும் நானே போடறேன்."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா அறையைப் பத்திப் பேசக்கூடாது."

யோருன் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?"

"ஓடப்போறது நீ. என் முழங்கால்கிட்ட ஏன் கேக்கறே?" என்றேன். "ஆனா நகரத்துக்காரங்களுக்கு நான் இன்னும் பதில் எழுதல. எழுதப்போறதும் இல்ல."

மார்ச் வந்தது. பட்டப்பகலில், முற்றத்தின் நடுவில், இரண்டு முக்காலிகளில் பலகைகளைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்த்தாள் யோருன். காலடி படும் இடத்தில் மட்டும், முன்னும் பின்னும், கை வலிக்கும்வரை. பக்கத்து வீட்டு ஹால்வர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன யோருன், வண்ணம் அடிக்கப் போறியா?"

"போட்டிக்கு ஹால்வர். இப்படியேதான் ஓடப்போறேன்."

"ஓடு ஓடு. எங்களை ஏமாத்தறதுக்கு இவ்வளவு மெனக்கெடறியே, அதுக்கே பரிசு கொடுக்கலாம்."

ஸ்டைனார் சமையலறை ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்தான். அவனும் நம்பவில்லை. எல்லோர் கண்ணெதிரிலும் ஒருத்தி உண்மையைச் செய்தால் எங்கள் ஊரில் அது நடிப்பு என்றுதான் அர்த்தம். என்னிடம் வந்து காப்பி குடித்துப் போனதும் அதனால்தான்.

சனிக்கிழமை மாலை அவனுக்கு விடை கிடைத்துவிட்டது. அவனுக்கு மட்டும். நடையில் தொங்கிய யோருனின் முதுகுப்பையைப் பக்கவாட்டில் தடவிப் பார்த்திருக்கிறான். பையைத் திறக்கவில்லை, திறப்பது தப்பு, தடவுவது தப்பில்லை என்பது அவன் நியாயம். துணிக்குள்ளே கொழகொழவென்று ஒரு டியூப், நீளமாக, மூடியோடு. அவன் வாழ்நாளெல்லாம் கையில் பிடித்துப் பழகிய வடிவம். ஈரப் பனிக்கும் உறைந்த பனிக்கும் பூசுகிற கோந்து மெழுகு.

"உப்புத்தாளாம் உப்புத்தாள்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டானாம்.

யோருன் கோந்து கொண்டுபோகிறாள் என்றால் வானிலையைப் பற்றி ஏதோ தெரிந்து வைத்திருக்கிறாள். அவன் கீழே இறங்கி, தன் பலகைகளில் சிவப்புக் கோந்தை மெல்லியதாக இழுத்து, அதன்மேல் நீல மெழுகைப் பூசி, தக்கையால் பளபளவென்று தேய்த்து வைத்தான். இரண்டு பனிக்கும் ஆயத்தம்.

எங்கள் ஓட்டம் தேவாலய முற்றத்தில் தொடங்கும். மலைமேலே கோடையில் மாடு மேய்க்கிற குடிசை வரை ஏறி, திரும்பி இறங்கவேண்டும். மேலே ஒரு வழக்கம் உண்டு. யாராக இருந்தாலும் குடிசை வாசலில் நின்று, தன் பையிலிருந்து கொண்டுவந்ததை ஒரு வாயாவது சாப்பிட்டுக் காட்டவேண்டும். சாப்பிடாமல் இறங்கினால் ஓடினதாகவே கணக்கில்லை. ஒருகாலத்தில் யாரோ பசியில் மயங்கி விழுந்ததால் வந்த வழக்கம் என்பார்கள். வாயில் போட்டார்களா, விழுங்கினார்களா என்று பார்ப்பது என் வேலை. என்னைப் பனிவண்டியில் ஏற்றி மேலே கொண்டுவந்து, கருந்திராட்சைச் சாறு கொதிக்கும் பானைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

காலையில் நல்ல குளிர், வெயில், பழைய தடத்தில் பனி கண்ணாடித்தூள் மாதிரி மின்னியது. மெழுகுக்கென்றே செய்த காலை. நான் மேலே உட்கார்ந்துகொண்டு யோருனை நினைத்தேன். அந்தக் குளிரில் உப்புத்தாள் பலகை நன்றாகப் பிடிக்காது. ஏற்றத்தில் வழுக்கும். அதையும் நினைத்தேன், நகரத்துக் கூடத்தையும் நினைத்தேன். பிறகு மேற்கே பார்த்தேன். மலைக்குப் பின்னாலிருந்து சாம்பல்நிற மேகம் தடித்துத் தடித்து வந்தது.

"போர்கில்ட், குளிர் குறையற மாதிரி இல்ல?" என்று என்னைக் கேட்டாள் பனிவண்டி ஓட்டி வந்த ஹால்வரின் மனைவி.

"குறையட்டும்," என்றேன். "எனக்கு வேண்டியதே அதுதான்."

முதலில் வந்தவர்கள் மேலே வந்து சேரும்போதே பனி விழ ஆரம்பித்திருந்தது. பெரிய, ஈரமான, ஒட்டுகிற செதில்கள். ஸ்டைனார் மரங்களுக்கு நடுவில் தெரிந்தான். ஏற்றத்தின் பாதி வரை பறந்திருக்கிறான், அது பின்னால் தெரியவந்தது. இப்போது நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு காலுக்கடியிலும் பந்து பந்தாகப் பனி ஒட்டி, குதிகால் உயர்ந்த செருப்பு போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி தள்ளாடினான்.

"என்ன தம்பி, வளந்துட்டே?"

"பேசாதீங்க அக்கா. சுரண்டறதுக்கு ஏதாவது கொடுங்க."

நீல மெழுகு தேய்ந்து, அடியிலிருந்த கோந்து வெளியே வந்து, விழுகிற பனியையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. சுரண்டினான். கோந்து கையுறையில் ஒட்டியது. கையுறையைக் கழற்றினான், அது பலகையோடு ஒட்டிக்கொண்டு போனது. அப்போதுதான் யோருன் வந்தாள். வேகமென்று சொல்லமுடியாது. ஆனால் ஒவ்வொரு அடியும் பிடித்து, வழுக்கி, பிடித்து, வழுக்கி, கடிகாரம் மாதிரி.

"கீழ வழுக்குச்சா?" என்று கேட்டேன்.

"கைத்தடியை ஊணி, கை பலத்துலதான் ஏறினேன். தோள் விட்டுப்போச்சு. பனி விழ ஆரம்பிச்சதும் கால் பிடிச்சுக்கிச்சு."

பையை இறக்கினாள். மொறுமொறு ரொட்டியை எடுத்தாள். பிறகு அந்த டியூபை எடுத்து, மூடியைத் திருகி, ரொட்டிமேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு இழுத்தாள்.

ஸ்டைனார் சுரண்டுவதை நிறுத்தினான்.

"அது என்ன?"

"மீன்சினை. தெனமும் காலையில நீ ரொட்டியில தடவித் திங்கறதுதான். வேணுமா?"

"பையில இருந்தது அதுவா?"

"என் பையில என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் என் பானையிலிருந்து வந்த ஆவியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான். யோருன் கோந்து அப்பிய பலகையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டு ரொட்டியைக் கடித்தாள்.

"விழுங்கிட்டா," என்றேன் நான். "போகலாம்."

"யோருன்," என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது. "உப்புத்தாள் இருக்கா?"

அவள் பையின் ஓரத்திலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அவன் மடியில் போட்டாள். என் அறை அவ்வளவும் அந்தத் தாளில் இருந்தது.

"எதுக்குடி கொடுக்கறே?" என்றேன்.

"அவன் மெழுகுல தோத்தான்னா நாளைக்கு 'மெழுகு தப்பாயிருச்சு'ன்னு சொல்லுவான் அக்கா. ஊரே தலையாட்டும். அப்புறம் உங்க கட்டிலை எங்க போடறது?" அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். "என்னை மாதிரியே வரட்டும். வந்து பிடிக்கட்டும்."

போய்விட்டாள்.

ஸ்டைனார் என் ரொட்டிக் கத்தியால் சுரண்டினான், அடுப்பு மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தான், தன் உயிருக்குயிரான பலகைகளைக் குடிசைச் சுவரில் சாய்த்துவைத்து உப்புத்தாளால் தேய்த்தான். முதல் இழுப்பில் கண்ணை மூடிக்கொண்டான், ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை மாதிரி. பிறகு மூடவில்லை. ஆரஞ்சுச் சுளை ஒன்றை வாயில் போட்டு, எனக்குக் காட்டி விழுங்கிவிட்டு இறங்கினான். இரண்டு அடி வைத்ததும் திரும்பிப் பார்த்தான்.

"பிடிக்குது அக்கா."

"பிடிக்கும்னு ஜனவரியிலேயே சொன்னாளே."

கடைசி ஆள் சாப்பிட்டு இறங்கிய பிறகுதான் நான் கீழே வரமுடிந்தது. பனிவண்டியில் வழியெல்லாம் என் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தேவாலய முற்றத்தில் யோருன் ஏற்கெனவே பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் போன ஒரு கூட்டத்தையே தாண்டி வந்த ஸ்டைனார் அவள் முதுகை மட்டும் கடைசிவரை தாண்டமுடியவில்லை. தேவாலய மதில் வரை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன் என்று அவனே சொன்னான்.

அவனைச் சுற்றி ஒரு கும்பல்.

"ஸ்டைனார், மேலே என்னப்பா தடவினே? குண்டு மாதிரி வந்தியே," என்றான் ஹால்வர்.

"ஒண்ணும் தடவல. உப்புத்தாள்."

"உப்புத்தாள்," என்று ஹால்வர் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"நிஜமாத்தான் சொல்றேன்."

"சரி சரி. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து மறைக்கறீங்க. மறைங்க."

"பாரு, அடியைத் தடவிப் பாரு."

ஹால்வர் தடவிப் பார்த்தான், விரலை மோந்து பார்த்தான். "வாசனையே இல்லாத சரக்கு," என்றான் மரியாதையோடு.

ஸ்டைனார் யோருனைப் பார்த்தான். "இவ்வளவு நாளா உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான். சூப் ஆறுது, குடி."

மறுநாள் மேசையை அவனே தூக்கினான், சொன்னது போலவே. டப்பாக்கள் விறகுக் கொட்டாய்க்குப் போயின. ஜன்னல் ஒரு வாரம் திறந்தே கிடந்தும் வாடை முழுசாகப் போகவில்லை. எனக்கு அது பெரிய விஷயமில்லை. இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுவந்து என் அலமாரிமேல் வைத்தான்.

"இது எதுக்கு?"

"உங்க திரைச்சீலைக்கு அக்கா."

"அந்த மெழுகுப் பெட்டியோட என் திரைச்சீலை பக்கம் வந்தியானா, உன்னை நகரத்துக் குடியிருப்புல சேர்த்து விட்டுருவேன்."

நான் குடிவந்த முதல் வாரமே ஹால்வர் தொலைபேசியில் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான், யாரோ ஒட்டுக் கேட்பது மாதிரி.

"போர்கில்ட், நீங்கதானே அன்னிக்கு மேலே இருந்தீங்க. உங்க கண்ணால பாத்திருப்பீங்க. என்னதான் பூசினாங்க?"

"உப்புத்தாள், ஹால்வர்."

"அட, நீங்களுமா? நமக்குள்ள என்ன ஒளிவு?"

ஜன்னலுக்கு வெளியே ஆறு உடைந்த பனிக்கட்டிகளை இழுத்துக்கொண்டு போனது. உண்மையை ஊருக்கு இத்தனை பேர் சொல்லியாகிவிட்டது. இனி என்னால் ஆவதில்லை.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது," என்றேன்.

"சத்தியமா."

"மீன்சினை."

அந்தப் பக்கம் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. பேனாவைத் தேடுகிறான் போலிருந்தது.

"சாதாரண மீன்சினையா," என்று கேட்டான், "புகை போட்டதா?"