பக்கத்துக் கட்டில்

அன்புள்ள பதினேழுக்கு,

சென்ற வியாழக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு நீ போன் செய்தபோது அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். ஜன்னலோரக் கட்டிலில் நான் படுத்திருந்தேன். கால்மாட்டில் ஸ்டூல் போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியார். என் போன் அவர் பையில் இருந்தது. நர்ஸ் நின்றபடியே அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லை, விரிப்பைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். மாமியார் மடியில், ஐம்பது நிமிடம் முன்பு பிறந்த என் மகள் இருந்தாள்.

அன்று நீ கேட்டது அவள் அழுகை.

இதற்கு மேல் படிக்க மனமில்லாவிட்டால் மடித்து வைத்துவிடு. படிப்பதானால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரிசையாகவே எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் எதையும் விழுங்காமல் சொல்வேன்.

ஆறு வருடம் முன்பு அந்தக் கருத்தரிப்பு மருத்துவமனையில் எனக்குப் பதினாறாம் டோக்கன், உனக்குப் பதினேழு. எனக்கு அப்போதே கல்யாணமாகி ஐந்து வருடம். பக்கத்திலிருந்த அம்மாள் "உங்களுக்கு எத்தனை வருஷம்?" என்று கேட்டதற்கு, "என்னங்க, ஜெயில்ல கேக்கற மாதிரி கேக்கறீங்க!" என்றாய். பெஞ்சே சிரித்தது. அன்று முதல் நான் பதினாறு, நீ பதினேழு.

இரண்டாவது தடவைச் சிகிச்சையில் எனக்குக் கரு தங்கியதும் ஆறாவது வாரமே உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். நீ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் வாசலில், வண்டிக்குள் ஒரு பையன் கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, என்னைக் கட்டிக்கொண்டாய். எட்டாவது வாரம் அது கலைந்தது. மூன்றாவது தடவை தங்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் மருத்துவமனைப் பின்படியில் உட்கார்ந்து நீ அந்த ஏற்பாட்டைச் சொன்னாய்.

"இனிமே யாருக்கு முதல்ல நின்னாலும் போன் பண்ணக்கூடாதுடி. போன்ல சொன்னா உடனே சந்தோஷமாக் குரல் குடுக்கணும். என்னால முடியாது. கடுதாசி போடு, மூணு மாசம் முடியறதுக்குள்ள. ஒரு நாள் பூரா அழுதுட்டு மறுநாள் நானே கூப்பிடறேன்."

சரி என்று கையில் அடித்துக்கொடுத்தது நான்தான்.

நான்காவது தடவை நின்றது. நான் எழுதவில்லை. காரணம் மறதியுமில்லை, மசக்கையுமில்லை. அந்த எட்டாவது வாரக் கரு கலைந்தபோது என் நாத்தனார், "யார் யார்கிட்ட சொல்லி வச்சே?" என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்காரர், டாக்டர், நீ. அந்தக் கேள்வி எனக்குள்ளேயே தங்கிவிட்டது. உன் கண் பட்டுவிடுமோ என்று பயந்தேன். எழுதிவிட்டேன். அந்த வரியை அடிக்கப் போவதில்லை.

சிகிச்சையை விட்டுவிட்டோம், அலுத்துப்போயிற்று என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீ நம்பினாய். ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைத் தேற்றுவதற்காக, கூரைமேல் பெயர்ப்பலகை வைத்த அந்தப் பயிற்சி வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாய். "கீழ வாடி, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். ஸ்டியரிங் உன் கையில, பிரேக் என் காலுல!" நான் மாடி ஜன்னலில் தலையை மட்டும் காட்டி, காய்ச்சல் என்றேன். வீட்டுக்காரரின் தொளதொள சட்டைக்குள் அவள் அப்போதுதான் உதைக்கத் தொடங்கியிருந்தாள். ஆரஞ்சுப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனாய். மாமியார் அந்த ஆரஞ்சில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

வலி புதன்கிழமை மதியம் பிடித்தது. மறுநாள் காலை பத்து இருபத்தைந்துக்குத்தான் அவள் வெளியே வந்தாள். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. உடம்பு நீலம். அழவில்லை. டாக்டரம்மா அவளை மூலை மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனார். உறிஞ்சும் கருவியின் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு நிமிடம் என்று பிறகு சொன்னார்கள். பதினோரு வருடம் காத்திருந்தவளுக்கு அந்த இரண்டு நிமிடம் கடக்கவில்லை. அப்போது எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன்: 'பதினேழிடம் சொல்லவே இல்லையே. அவள் கண் இந்த அறைக்குள் வரவே இல்லையே. பிறகு ஏன்?'

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. உன்னால் ஒன்றும் நேரவில்லை. அன்றும் நேரவில்லை, அதற்கு முன்பும் நேரவில்லை. அது தெரிவதற்கு என் மகள் மூச்சில்லாமல் கிடக்க வேண்டியிருந்தது.

பிறகு அழுதாள். அழுகையென்று சொல்ல முடியாது, முதலில் ஒரு தும்மல், பிறகு ஒரு கோபம்.

அறைக்கு மாற்றிக் கொஞ்ச நேரத்தில் உன் போன். மாமியார் எடுத்தார். உனக்கு ஐந்தாவது தடவையும் தங்கவில்லை என்று நீ சொன்னதைக் கேட்டு அவர் முகம் மாறியது. அந்த நேரம் பார்த்து மடியிலிருந்தவள் வீறிட்டாள். யார் அழுவது என்று கேட்டிருக்கிறாய். மாமியார் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு பெத்திருக்கா, அம்மா. இவளுக்கு வயித்து வலி, அதான் கூட்டிட்டு வந்தோம்," என்றார்.

போனை வைத்துவிட்டு அவளைத் தோளில் போட்டுத் தட்டினார். பிறகு, "உன்னை எத்தனையோ சொல்லியிருக்கேன். அதுல ஒண்ணும் பொய்யில்ல. இன்னைக்குத்தான் வாய் கூசுது," என்றார். "அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'பக்கத்துக் கட்டில்காரங்களுக்கு என் வாழ்த்தைச் சொல்லிடுங்க'ன்னு."

வாழ்த்து வந்து சேர்ந்தது, பதினேழு. எனக்கு அதை வாங்கிக்கொள்ளத் தகுதியில்லை. அவளுக்கு உண்டு. அவள் காதில் சொல்லிவிட்டேன்.

நீ அன்று சொன்ன செய்திக்கு இன்னும் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஐந்தாவது தடவை. அந்தப் பின்படியில் உன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். நீ தனியாக உட்கார்ந்திருப்பாய் என்பதுதான் தையல் வலியைவிட எனக்கு வலிக்கிறது.

பொய்யைச் சொன்னது தான்தான் என்று எழுதச் சொல்லி மாமியார் தலைமாட்டில் நிற்கிறார். எழுதமாட்டேன் என்றேன். அவர் சொன்னது ஒரு நிமிடத்துப் பொய். ஒன்பது மாதப் பொய் என்னுடையது.

வீட்டுக்காரர் போட்டோ வைத்தார். எடுத்துவிட்டேன். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பலாம் என்றார். வேண்டாம் என்றேன், தபால்காரர் முன்னால் கையெழுத்துப் போட்டு முகம் காட்ட வேண்டியிருக்கும். சாதாரணத் தபாலே போதும். பெட்டியில் கிடக்கட்டும், எடுக்கிறபோது எடு. நீ கேட்டது அழுவதற்கு ஒரு நாள். அது ஒரு நாளில் முடியாவிட்டால் முடிய வேண்டாம். மறுநாள் கூப்பிட வேண்டும் என்ற கணக்கும் உனக்கில்லை.

ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று. விலாசத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன். மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு கையை நீட்டுகிறார், ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்துவிடுவார்களாம். இதை மடித்துக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறேன்.

பதினாறு