சீனி போன வழி

தாரிகா கணினிக்குள் ஒரு பெட்டி கட்டினாள். நடுவில் கொழுப்பாலான உயிரணுச் சவ்வு, சவ்வில் புரதத்தாலான ஒரு வாய்க்கால், இருபுறமும் தண்ணீர், மேற்பக்கத்தில் ஒரு சீனி மூலக்கூறு. அது வாய்க்காலால் கீழே இறங்குமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முதல் தடவை ஓடவிட்டபோது சவ்வு கிழிந்தது. அடுத்த தடவை அணுக்கள் ஒன்றில் ஒன்று ஏறி எல்லாமே வெடித்துச் சிதறின. இரண்டு தடவையும் அவள் கணினியைத்தான் ஏசினாள்.

இன்னொரு தடவை இரவு முழுக்க ஓடவிட்டு, காலை வந்து பார்த்தபோது சீனி சவ்வுக்குக் கீழே நின்றது. இடையில் நடந்ததைப் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. மேதைகளுக்கு எதற்குப் பொறுமை? பேராசிரியரிடம் ஓடினாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் காட்டும் பிள்ளை" என்றார் அவர்.

அம்மாவுக்கும் போன் எடுத்தாள். பின்னேரத்துக்குள், அவள் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, மருந்து கண்டுபிடித்துவிட்டதாக அம்மாவின் ஊரான அச்சுவேலியில் சந்தை முழுக்கக் கதை பரவிவிட்டது. அதைத் திருத்த அவளுக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை, உடன் ஆராய்ச்சி செய்யும் ஜெசிதா கணினி பதிந்துவைத்த முழுப் படத்தையும் ஓடவிட்டுப் பார்த்தாள்.

"உது வாய்க்காலுக்குள்ளாலை போகேல்லையடி."

"பின்னை?"

"கூரையாலை வெளியிலை போய், நிலத்தாலை உள்ளுக்கு வந்திருக்கு."

அந்தப் பெட்டிக்குச் சுவர் கிடையாது. மேலால் வெளியேறுவது கீழால் திரும்பி வரும். போன மாதம் புது மாணவருக்கு இதைப் பாடமாக எடுத்தவளே தாரிகாதான்.

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று யோசித்தாள். பிறகு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அம்மாவை அழைத்து, மருந்து ஒன்றும் இல்லையென்றாள்.

"நான் சொன்னது சொன்னதுதான். நீ கெதியாக் கண்டுபிடி" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் படத்தை அவளே ஓடவிட்டாள். "சீனி சுத்திப் போயிருக்கு. நான் பாக்காமல் சொல்லிப்போட்டன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் பாக்கேல்லை" என்றார். பிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள். தாரிகாவுக்கும் சிரிப்பு வந்தது.

சீனி கூரைப் பக்கம் போகாதபடி வேலி போட்டு, ஜெசிதாவோடு சேர்ந்து மறுபடி ஓடவிட்டாள். அது வாய்க்காலின் வாசலுக்கு வந்தது, பாதி உள்ளே நுழைந்தது, பிறகு வந்த வழியே திரும்பிவிட்டது. தாரிகா கதிரையை இழுத்துப்போட்டுத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.