மூப்பரின் கழுத்துத் துணி

எங்கள் நாய் சபையில் பெயர் வாங்கிய நாய். அது சுகமானதைப் பற்றி அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாள். கைதட்டினார்கள், அல்லேலூயா சொன்னார்கள், ஒன்றிரண்டு பேர் அழவும் செய்தார்கள். அந்த நாய்தான் இப்போது எங்கள் சமையலறை வாசலில் படுத்து அழுகிக்கொண்டிருந்தது. இது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

பெயர் மூப்பர். தம்பி வைத்த பெயர். குட்டியிலேயே வாயைச் சுற்றி நரைத்த மாதிரி வெள்ளை முடி, தூக்கம் வழியும் கண், யார் வந்தாலும் காணிக்கைத் தட்டைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. "முன் பெஞ்சில உக்கார வச்சா வித்தியாசமே தெரியாதும்மா" என்றான். அம்மா கரண்டியோடு அவனைத் துரத்தினாள். பெயர் நின்றுவிட்டது. சபை மூப்பர்கள் வீட்டுக்கு ஜெபிக்க வரும்போது மட்டும் நாயை "டேய்" என்று கூப்பிட்டுச் சமாளித்தோம்.

தம்பி போன வருஷம் செத்துப்போனான். இரத்தத்தில் நோய். சபை முழுக்க அவனுக்காக உபவாசம் இருந்தது. நிச்சயம் எழுந்து வருவான் என்று பாஸ்டர் சொன்னார். வரவில்லை. எழுந்து வருவான் என்று சொன்ன அதே வாய்கள் அடக்கத்துக்கு வந்து எல்லாம் தேவசித்தம் என்றன. அம்மா தலையாட்டினாள், காபி போட்டுக் கொடுத்தாள், டம்ளர்களைக் கழுவி வைத்தாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. நான் படிப்பைப் பாதியில் விட்டு, பார்சல் பிரிக்கும் கிடங்கில் இரவு வேலைக்குப் போகிறவன். பகலில் தூங்குகிறவன். பார்க்காதது நிறைய இருக்கும்.

அதற்குப் பிறகுதான் அம்மா நாயிடமிருந்து பாடம் எடுக்க ஆரம்பித்தாள். பெண்கள் கூடுகையில் அவளுக்கு ஐந்து நிமிஷம் கொடுப்பார்கள். மூப்பர் கதவருகே காத்திருந்தால் அது விசுவாசம். திட்டியதும் கவ்வின செருப்பைக் கீழே போட்டால் அது மனந்திரும்புதல். ரொட்டிக்குள் பூச்சி மாத்திரையை ஒளித்துக் கொடுத்தால் அது ரொட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்பிவிடும். "நாமளும் அப்படித்தானே? ஆசீர்வாதத்த முழுங்கிடுறோம், சிட்சைய துப்பிடுறோம்" என்று அம்மா சொன்னபோது கூட்டமே சிரித்ததாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நாய் கதவருகே காத்திருப்பது நான் வேலை முடிந்து வரும்போது பையில் மிச்ச பிஸ்கட் இருக்கும் என்பதற்காக. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்துக்காக அவள் வாரம் முழுக்க எழுந்து நடமாடினாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு மூப்பரின் கழுத்தில் கட்டி வந்தது. கால்நடை டாக்டரம்மா மாத்திரை கொடுத்தாள், கட்டி மறுபடி வரலாம் என்றும் சொன்னாள். அம்மா மாத்திரையையும் கொடுத்தாள், ஜெப எண்ணெயையும் தடவினாள். கட்டி உடைந்து வற்றியது. சாட்சியில் எண்ணெய் மட்டும் வந்தது. மாத்திரை வரவில்லை. அவள் வேண்டுமென்றே மறைத்தாள் என்று நான் நினைக்கவில்லை. மகனுக்காகக் கேட்டுக் கிடைக்காமல் போனவளுக்கு நாய்க்காகக் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில் மாத்திரையை யார் நினைப்பார்கள்?

கட்டி திரும்பி வந்தது. முன்னைவிடப் பெரிதாக, தாடை வரைக்கும்.

அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் காலர் பிரிவில் வேலை செய்கிறாள். அங்கே மிஞ்சும் கட்டம் போட்ட துணியைக் கொண்டு வந்து மூப்பருக்குக் கழுத்துத் துணி தைத்தாள். ஓரம் மடித்து, நாடா வைத்து, காலர் போலவே கச்சிதமாக. துவைத்து மாற்ற மூன்று நான்கு. சபை ஆட்கள் யாராவது வந்தால் "பாருங்க, ஸ்கூலுக்குக் கிளம்பிட்டாரு" என்பாள். அவர்களும் சிரிப்பார்கள். அவர்கள் போன பிறகு துணியைக் கழற்றினால் ஒட்டிக்கொண்டு வரும். மூப்பர் கத்தாது. உடம்பு மட்டும் நடுங்கும்.

"ஊசி போட்டு அனுப்பிடலாம்மா" என்றேன்.

"உனக்கு அவிசுவாசம்."

"அதுக்கு வலிக்குதும்மா."

"எனக்கும்தான் வலிக்குது. எனக்கும் ஊசி போட்டுடு."

அதோடு பேச்சு நின்றது. பஸ் டிரைவர் விஷயம் வந்திருக்காவிட்டால் நானும் அப்படியே விட்டிருப்பேன்.

அவர் சபையில் பின்வரிசை ஆள். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் கழுத்தில் கட்டி. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அம்மாவின் சாட்சியைக் கேட்டு அவர் மனைவி அந்தத் தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு நாய்க்குச் செய்தவர் மனுஷனுக்குச் செய்யமாட்டாரா என்பது அவள் கணக்கு. இதை அந்த அம்மாளே சந்தோஷமாக எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். கணவருக்கு அடுத்த வார ஓய்வு வரும்போது அவரைக் கூட்டிக்கொண்டு வந்து நாயைக் காட்ட வேண்டும் என்றும் கேட்டாள். அம்மா சரி என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"சொல்லிடு" என்றேன்.

"என்னன்னு?"

"நாய்க்குச் சுகமாகல, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. ரெண்டு வரி."

அவள் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அதை ஓட்டவில்லை. "உன் தம்பிக்காகக் கேட்டேன். இல்லைன்னுட்டார். இதுக்காகக் கேட்டேன். குடுத்தார். அதையும் இல்லைன்னு நானே என் வாயால சொன்னா, அப்புறம் நான் யார்கிட்டடா பேசிட்டு இருந்தேன் இத்தன நாளா?"

அது தெரிந்திருந்தால் நான் ஏன் சபைக்குப் போவதை விட்டிருக்கப்போகிறேன்?

அவர்கள் மத்தியானம் வந்தார்கள். நான் தூங்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா வீடு முழுக்க டெட்டால் ஊற்றித் துடைத்திருந்தாள். டிரைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் மூப்பர் எழுந்து தள்ளாடிப் போய் அவர் முழங்காலில் தலையை வைத்தது.

"ஆளு தெரியுது பாருங்க" என்றாள் அவர் மனைவி. "நாய்க்கு ஆவியில தெரியும்."

"எங்கிட்ட பிஸ்கட் இருக்கு, அதான்" என்றார் டிரைவர். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூப்பர் நக்கியது, விழுங்க முடியாமல் கீழே விட்டது. அவர் அதைப் பார்த்தார். பிறகு கழுத்துத் துணியைத் தொட்டார். "இது எதுக்கு சிஸ்டர்?"

"குளிருக்கு" என்றாள் அம்மா.

தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் வியர்த்திருந்தது.

"கட்டி இருந்த எடத்தக் காட்டுங்களேன். இவரு ஒரு தடவ கண்ணால பாத்துட்டா தைரியமாயிடுவாரு" என்றாள் மனைவி.

அம்மா அசையவில்லை. நான் எழுந்தேன். "நீ தொடாத" என்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு தரையில் மண்டியிட்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டு, துணியை மெதுவாக எடுத்தாள். டெட்டாலையும் மீறி நாற்றம் எழுந்தது.

மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஆனாலும் அவள்தான் முதலில் பேசினாள். "வெளிய வருதுல்ல? விட்டுப் போறதுக்கு முன்னாடி இப்படித்தான் எல்லாத்தையும் வெளிய தள்ளும்."

"இல்லம்மா" என்றாள் அம்மா. "இது திரும்பி வந்தது. நான் சாட்சி சொன்ன கொஞ்ச நாள்லயே வந்துடுச்சு. மொதல்ல வத்தினதும் மாத்திரையில. நான்தான் மறைச்சுட்டேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"சோர்ந்து போய்ப் பேசாதீங்க சிஸ்டர். சத்துரு இப்படித்தான் பேச வைப்பான்."

"சத்துரு இல்ல, நான்தான் பேசுறேன்."

டிரைவர் துணியை வாங்கி நாயின் கழுத்தில் அவரே கட்டினார். கட்டியில் படாமல், நாடாவை ஒரு பக்கமாகத் தள்ளி. எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மனைவி அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். படி இறங்கும்போதும் ஜெபித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா புறப்பட்டுத் தயாராக நின்றாள். ஆட்டோவில் மூப்பர் எங்கள் இருவர் மடியிலும் கிடந்தது. டாக்டரம்மா ஊசியை எடுத்ததும் அம்மா "இரும்மா" என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு துண்டு ரொட்டியைப் பாலில் நனைத்து நீட்டினாள். மூப்பர் அதை வாய்க்குள் இப்படியும் அப்படியும் புரட்டித் தேடியது.

"மாத்திரை இல்லடா" என்றாள் அம்மா. "இன்னிக்கு இல்ல. தின்னு."

அது தின்றதா என்று நான் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த உண்ணி மருந்து விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது முடிந்திருந்தது. அம்மா ஜெபிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் ஜெபிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொன்னாள். போனேன். சாட்சி நேரத்தில் எழுந்து போய் மைக்கை வாங்கினாள். பாஸ்டர் புன்னகையோடு ஒதுங்கினார். அம்மா நல்ல சாட்சிக்காரி அல்லவா?

"போன தடவ நான் சொன்னது உண்மை இல்ல" என்றாள். "எங்க நாய் சுகமாகல. புழு வச்சுச்சு. ஊசி போட்டுக் கொன்னுட்டோம். என் பையனும் சுகமாகல. ரெண்டு பேருக்காகவும் நான் கேட்டேன். என்னை நம்பி யாராவது மருந்த நிறுத்தியிருந்தா, தயவுசெஞ்சு போய் மருந்து சாப்பிடுங்க. அவ்வளவுதான்."

எங்கள் சபையில் சாட்சி முடிந்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. யாரோ பழக்கத்தில் "அல்லேலூயா" என்றார்கள். கூட்டம் திருப்பிச் சொன்னது. கீபோர்டுக்காரன், அவன் எப்போதுமே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவன், சட்டென்று தலையைத் தூக்கி நன்றிப் பாட்டை ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லாவது யார் காதிலாவது விழுந்ததா என்று தெரியவில்லை. பாஸ்டருக்கு விழுந்திருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே செருப்பு தேடும் இடத்தில் டிரைவரின் மனைவி எங்களை மறித்தாள். அவள் முகத்தில் ஜெபம் இல்லை, கோபம் மட்டும் இருந்தது.

"ஒண்ணு, மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாது. இல்ல, கடைசி வரைக்கும் மறைச்சிருக்கணும். இப்படி நடுவுல கைய விட்டா நான் எதப் புடிச்சிட்டு நிக்கிறது?"

அம்மா "தெரியலம்மா" என்றாள். "நானும் அதத்தான் தேடிட்டிருக்கேன்."

டிரைவர் பின்னால் வந்தார். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஊசி போட்டப்ப வலிச்சுதா தம்பி அதுக்கு?"

"ஊசி வலிக்கல. அதுக்கு முன்னாடி நாங்க வச்சிருந்தமே, அதுதான் வலிச்சுது."

அவர் தலையாட்டினார். மனைவியிடம், "நாளைக்குப் போலாம்" என்றார். அவள் முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னாள்: "நாளைக்கு நீயும் அவங்ககூடப் போ."

"நான் வேலை முடிஞ்சு வந்து தூங்கணும்மா."

"அங்க உக்காந்து தூங்கு. பெஞ்ச் இருக்கும்ல?"

பெஞ்ச் இருந்தது. அதில் நான் தூங்கவில்லை. உள்ளே கூப்பிட்டபோது டிரைவர் என்னையும் வரச் சொல்லிக் கை காட்டினார். டாக்டர் பழைய ஸ்கேன் படத்தையும் அன்று எடுத்த புதுப் படத்தையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். நெடுநேரம் பார்த்தார். எனக்கு அந்தப் படங்களைப் படிக்கத் தெரியாது. ஆனால் தம்பியோடு அலைந்த நாட்களில் டாக்டர்கள் பேசுவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் என்ன அர்த்தம் என்று படிக்கப் பழகியிருந்தேன். அவர் கழற்றினார்.

"தேதி குடுத்தோமே. இவ்வளவு நாள் எங்கங்க போனீங்க?"

டிரைவரின் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நாய் என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தேன்.

"லீவு கெடைக்கல டாக்டர்" என்றார் டிரைவர். "எங்க ரூட்டுல வண்டி ஓட்ட மாத்து ஆளே இல்ல."